ரேடியோ வாய் மூடிய வருடம்

அந்தக் கல்லூரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. ரேடியோ என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். முதலாண்டில் வகுப்பில் யாரோ வைத்த பெயர். மெல்லப் பரவி, கேன்டீன்காரர் முதல் துறைத் தலைவர் வரை அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. "பேட்டரி போடாமலே ஓடுற ரேடியோ உலகத்துலேயே இது ஒண்ணுதான்" என்று அவளே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பேச்சு அவளுக்குக் குடும்பச் சொத்து. அப்பா மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். மரப்பெட்டி மேல் ஏறி நின்று அவர் குரல் கொடுத்தால் சந்தைக்கு வெளியே நிற்கும் வண்டிக்காரர்களுக்கும் விலை தெரிந்துவிடும். அம்மா ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்பு அலுவலகத்தில், லிஃப்ட் நின்றுவிட்டது, தண்ணீர் வரவில்லை என்று போனில் கத்துகிறவர்களைப் பேசியே குளிர்விக்கிறவர். அண்ணன் பேருந்து நடத்துனர். அப்படிப்பட்ட வீட்டில், அடுத்தவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தால் கடைசிவரை வாயே திறக்க முடியாது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அதில் அதிசயம், நான்கு பேருக்கும் மற்ற மூவர் சொன்னதும் காதில் விழுந்திருக்கும்.

இவ்வளவு பேசுகிறவளுக்குள் ஒரு பயம் இருந்தது யாருக்கும் தெரியாது. தேர்வு என்றால் அவளுக்கு உள்ளங்கை ஈரமாகிவிடும். அந்த நேரத்தில் வாய் இன்னும் வேகமெடுக்கும். தேர்வறை வாசலில், படிக்கட்டில், தண்ணீர்க் குழாயடியில் என்று நின்ற இடமெல்லாம் கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் கொட்டித் தீர்ப்பாள். இரண்டாம் ஆண்டு இறுதித் தேர்வன்று அப்படிக் கொட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற தோழி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "உன் காலைப் புடிச்சுக்கிறேன், கொஞ்சம் நிறுத்துடி. படிச்சதெல்லாம் உன் பேச்சோட போகுது" என்று அழுதேவிட்டாள்.

அந்தப் பக்கமாக வந்த கல்லூரி ஆலோசகர் அதைப் பார்த்தார். தேர்வெல்லாம் முடிந்த பிறகு ரேடியோவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நூலகத்துக்குப் பின்னால், ஒரு காலத்தில் பழைய நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த சின்ன அறை அது.

"பயந்தா சிலருக்கு வாய் கட்டிப்போகும். உனக்கு வாய் அவுந்துக்குது. ரெண்டும் ஒரே வியாதிதான்மா" என்றார்.

ரேடியோ திகைத்துப்போனாள். இதுவரை அவளை வாயாடி என்றவர்கள் உண்டு, கலகலப்பானவள் என்றவர்கள் உண்டு. பயந்தவள் என்று யாரும் சொன்னதில்லை. மறுத்துப் பேச வாயெடுத்தாள். அதற்குப் பதிலாகக் கண்ணில் நீர் வந்தது.

அந்த வருடம்தான் ஆலோசகர் தோழமைக் குழு என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார். படிப்பைக் கண்டு, தேர்வைக் கண்டு, மனிதர்களைக் கண்டு நடுங்கும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மூன்றாம் ஆண்டில் ஒருவரைத் துணையாகக் கொடுப்பது. டாக்டர் வேலை இல்லை, வாத்தியார் வேலையும் இல்லை, கூட இருப்பது மட்டும்தான் வேலை. பயம் என்றால் என்னவென்று தெரிந்தவர்களாகப் பார்த்து அவர் ஆள் சேர்த்தார். ரேடியோவையும் சேர்த்துக்கொண்டார்.

அவளுக்குக் கொடுக்கப்பட்டவள், ரேடியோ படித்த கட்டுமானத் துறையிலேயே முதலாண்டு படித்த ஒரு பெண். வகுப்பில் அவளை 'ம்யூட்' என்றார்கள். கல்லூரி திறந்த நாளிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. வருகைப் பதிவில் எண்ணைக் கூப்பிடும்போது குரல் கொடுக்காததால், தினமும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தும் சில பாடங்களில் அவள் ஒருநாள்கூட வராதவள் ஆகியிருந்தாள். இப்படியே போனால் தேர்வெழுத விடமாட்டோம் என்று வீட்டுக்குத் தகவல் போக, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள் அக்கா பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஊமையா? எங்க கிளியா?" ஆலோசகர் அறையில் உட்கார்ந்து அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். "வீட்ல நாங்க அவளைக் கிளின்னுதான் கூப்பிடுவோம், மேடம். காலைல எழுந்ததுலேருந்து தூங்குற வரைக்கும் வாய் ஓயாது. ஆனா வாசப்படியத் தாண்டிட்டா அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான். அப்பல்லாம் எழுத்துலயே ஓட்டிட்டா. திமிருன்னு எத்தனை பேரு சொல்லிட்டாங்க. திமிர் இல்ல மேடம். அவளுக்கு வரல."

ஆலோசகருக்கு இது புதிதல்ல. சிலருக்குப் பயம் தொண்டையைத்தான் முதலில் பிடிக்கும், பழகிய இடத்தில் ஆறாக ஓடுவது வெளியிடத்தில் உறைந்துபோகும் என்று அவருக்குத் தெரியும். ஆசிரியர்களிடம் பேசி, கையைத் தூக்கினால் போதும் என்று ஏற்பாடு செய்தார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நில அளவைப் பாடம் எடுத்த ஆசிரியர் மட்டும் மோவாயைத் தடவினார். கருவியைச் சமமாக நிறுத்தியிருக்கிறோமா என்று காட்டும் குமிழி நடுவில் இருக்கிறதா, குமிழி நடுவில் இருக்கிறதா என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பதால் பிள்ளைகளுக்கு அவர் குமிழி சார்.

"கை தூக்கட்டும், எனக்கென்ன? ஆனா என் பாடத்துக்குச் செய்முறைத் தேர்வு இருக்கு. மைதானத்துல ஒருத்தர் கருவி வழியாப் பார்த்து அளவைச் சொல்லணும், பக்கத்துல இருக்கறவங்க எழுதணும். கண்ணால பார்த்ததை வாயால சொல்லித்தானே ஆகணும்?" என்றார்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

ரேடியோ முதல் நாளே கிளியிடம் தன் முழு வாழ்க்கை வரலாற்றையும் சொன்னாள். அப்பாவின் ஏலம், அண்ணனின் பேருந்து, பிடித்த நிறம், பிடிக்காத பாடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நீ சொல்லு, உனக்கு என்ன புடிக்கும்? வீட்ல யாரெல்லாம்? ஏன் பேச மாட்டேங்கிற? என்கிட்டயாவது பேசலாம்ல?" என்று வரிசையாகக் கேள்விகளை அடுக்கினாள். ஒவ்வொரு கேள்விக்கும் அந்தப் பெண்ணின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் காதுப்பக்கம் ஏறியது. கடைசியில் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயின.

"கேள்வியே கேட்காதே" என்றார் ஆலோசகர் மறுநாள். "கேள்விங்கிறது அவளுக்குக் கத்தி மாதிரி. சும்மா இரு. கூட உக்காந்து ஏதாவது வேலை செய். ஒண்ணு சொன்னியா, அப்புறம் காத்திரு. அவ பேசுவாள்னு காத்திருக்காத. சும்மா காத்திரு."

"சும்மான்னா எவ்வளவு நேரம் மேடம்?"

"அதுவும் ஒரு கேள்விதான்."

துறையின் கருவி அறையில் இருவருக்கும் வேலை கிடைத்தது. முக்காலிகளின் கால்களில் ஒட்டிய மண்ணைச் சுரண்டுவது, அளக்கும் சங்கிலியில் எண்ணெய் போடுவது, ஆள் உயரத்துக்கு மேல் நீளும் அளவுத் தடிகளைத் துடைத்து அடுக்குவது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்தார்கள். ரேடியோ ஏதாவது ஒன்று சொல்வாள். "இந்தத் தடிய யாரோ குழம்புல முக்கிட்டாங்க போலருக்கு." அப்புறம் வாயை மூடிக்கொள்வாள். அந்த மௌனம் இருக்கிறதே, அது அவளுக்கு முள்படுக்கை. நாக்கு பல்லுக்குப் பின்னால் முட்டும். உள்ளங்கை ஈரமாகும். தேர்வறை வாசலில் நிற்கும்போது வருகிற அதே படபடப்பு. பேசினால் போய்விடும். பேசக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணைச் சுரண்டினாள். ரொம்ப நேரம் கழித்து, அந்தப் படபடப்பு தானாகவே வடிந்து போவதைக் கண்டாள். பேசாமலே அது போகும் என்பதை அவள் அதற்கு முன்னால் அறிந்ததில்லை.

வாரங்கள் ஓடின. கிளியின் தோள் இறங்கியது. ஒருநாள் ரேடியோ எண்ணெய்க் கையோடு மூக்கைச் சொறிந்துவிட்டுத் திரும்பியபோது கிளி சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்புதான். ஆனால் முகம் முழுக்க இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் ரேடியோ குடத்தைப் போட்டு உடைத்தாள். மறுநாள் கேன்டீனில் கிளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தன் கூட்டத்திடம், "தெரியுமா, இவ என்கிட்ட சிரிச்சா! சீக்கிரமே பேசிடுவா பாருங்க" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். "எங்க, ஒரே ஒரு வார்த்தை சொல்லு பாப்போம்" என்றான் ஒருவன். "பயப்படாதம்மா, நாங்க என்ன கடிக்கவா போறோம்" என்றாள் இன்னொருத்தி. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மேசையைச் சுற்றி ஆறேழு முகங்கள் அன்போடு காத்துக்கொண்டிருந்தன. கிளி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அடுத்த நாள் கல்லூரிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அந்த வாரம் முழுக்கக் காத்திருந்துவிட்டு, அக்காவிடம் கேட்டுக்கொண்டு ரேடியோ அவர்கள் வீட்டுக்குப் போனாள். ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. குறுகலான படிக்கட்டு. பாதி ஏறியிருப்பாள், மேலே கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கேட்டதும் கால் அங்கேயே நின்றுவிட்டது.

அது அவளுடைய சொந்தக் குரல்.

"அப்புறம் எங்கண்ணன் இருக்கானே, அவன் தூக்கத்துலயே 'உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு'ன்னு கத்துவான், அதுக்கு எங்கம்மா தூக்கத்துலயே 'உங்க புகார் பதிவாயிடுச்சு சார்'ம்பாங்க, நீ நம்ப மாட்ட, இந்தத் தடிய யாரோ குழம்புல முக்கிட்டாங்க போலருக்கு..."

மூச்சு விடாத அந்த ஓட்டம், வாக்கியத்தின் நடுவில் எச்சில் விழுங்கும் அந்தச் சின்ன இடைவெளி, 'நீ நம்ப மாட்ட' என்பதில் ஏறி இறங்கும் அந்த இழுப்பு எல்லாமே அப்படியே இருந்தன. தன்னைத் தானே வெளியிலிருந்து கேட்பது எப்படி இருக்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. உள்ளே அக்கா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "போதும் கிளி, வயிறு வலிக்குது."

ரேடியோவுக்குக் கோபம் வரவில்லை. கருவி அறையில் தலையைக் குனிந்து தடியைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் ஒரு சொல்லையும் விடவில்லை. பேசுகிறவளே மறந்துபோனதையெல்லாம் காதில் வாங்கி, உள்ளே கொண்டுபோய், உயிரோடு வைத்திருந்தாள். இப்படி யாரும் அவளைக் கேட்டதே இல்லை. நான்கு பேரும் ஒன்றாகப் பேசும் அவள் வீட்டில்கூடக் கேட்டதில்லை.

ஒளிந்து கேட்பது சரியில்லை என்று தோன்ற, செருப்பைத் தரையில் தேய்த்துச் சத்தம் செய்துகொண்டே மேலே ஏறினாள். குரல் நின்றது. குழாயை இறுக்கி மூடினால் நிற்குமே அப்படி, சொல்லின் பாதியிலேயே நின்றது. அக்கா கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் கிளி நின்றாள். இன்னும் சிரிப்பு காயாத முகம். வாய் லேசாகத் திறந்திருந்தது. தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. இன்னொரு தரம் ஏறியது. ஒன்றும் வரவில்லை. வராததை அவளே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தொண்டையைப் பார்த்தபோதுதான் ரேடியோவுக்கு முழுசாக விளங்கியது. இவள் பேசாமல் இருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பேச முயன்று, ஒவ்வொரு தடவையும் தோற்று, மறுநாள் மறுபடி அதே கல்லூரிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். தான் இரண்டாம் ஆண்டில் ஒரே ஒரு தேர்வைப் பார்த்து, படிப்பையே விட்டுவிடலாம் என்று நினைத்தது ஞாபகம் வந்தது.

"கேன்டீன்ல நான் பண்ணினது தப்பு. இனிமே உன்னைப் பத்தி யார்கிட்டயும் பேச மாட்டேன். திங்கக்கிழமை கருவி ரூம்ல இருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

அன்று வீட்டில் அவள் சாப்பாட்டு மேசையில் ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். அந்த வீட்டில் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா எழுந்து வந்து அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையே" என்றார் அப்பாவிடம், ரகசியமாக.

திங்கட்கிழமை கிளி வந்தாள்.

யோசனை ஆலோசகருடையது. ஏற்பாடு குமிழி சாருடையது. மருந்துக்கடை திறக்கிற நேரத்துக்கு முன்னால் அக்கா தினமும் கல்லூரி மைதானத்துக்கு வருவாள். கிளி கருவியை முக்காலியில் பூட்டி, அதன் கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். பக்கத்தில் அக்கா நிற்பாள். ரேடியோ அளவுத் தடியைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் மறுகோடியில், கோல் கம்பத்துக்கும் அந்தப் பக்கம் நிற்பாள். கிளி தான் பார்த்த அளவை அக்காவிடம் சொல்ல வேண்டும். அக்கா எழுதிக்கொள்வாள். ரேடியோ இருக்கிற தூரத்துக்கு ஒன்றும் கேட்காது. அக்கா பக்கத்தில் இருக்கும்போது குரல் வரும் அல்லவா? அந்தக் குரல் வெளியிடத்தில், வானத்துக்குக் கீழே, அந்நியர் ஒருவர் கண்ணெதிரே வந்து பழகட்டும். அதுதான் திட்டம்.

"நீ ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்ட வா. அவ குரல் நின்னா நீ பின்னால போ. அவமானப்படாத. அவளையும் அவமானப்படுத்தாத" என்றார் ஆலோசகர்.

தடியைப் பிடிப்பது லேசான வேலை இல்லை. ஆடக் கூடாது, சாயக் கூடாது. வெயில் முகத்தில் அறையும். காற்றடித்தால் தடி பாய்மரம் மாதிரி இழுக்கும். ரேடியோ அங்கே மரம் போல நின்றாள். எதிர்க்கோடியில் இரண்டு உருவங்கள். ஒன்று குனிகிறது, மற்றது எழுதுகிறது. இடையில் அந்த வாய் அசைவதை மட்டும் பார்க்க முடிந்தது. அதற்காகவே காலையில் ஓடிவந்தாள்.

ரேடியோ கிட்டே வந்தாள், விலகினாள். கோல் கம்பத்தைத் தாண்டி வந்த அன்று கிளியின் குரல் கம்மிவிட்டது, பழைய இடத்துக்கே போனாள். இன்னொரு நாள் பாதி மைதானம் வரை வந்துவிட்டாள். மழை பிடித்துக்கொண்டது, வேலை நின்றது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். குமிழி சார் சில நாள் மாடி வராந்தாவில் தேநீர்க் கோப்பையோடு நின்று பார்ப்பார். கீழே இறங்கி வரமாட்டார். வந்தால் கெட்டுவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவராகவே புரிந்துகொண்டார்.

ஒருநாள் காலை அக்காவுக்குக் கடையிலிருந்து போன் வந்தது. மருந்துப் பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன, உடனே வரவேண்டும். அவள் அளவெழுதும் ஏட்டைக் கொண்டுவந்து, பாதி மைதானத்தில் நின்ற ரேடியோவின் கையில் திணித்துவிட்டு, தங்கையைப் பார்த்துக் கையசைத்துவிட்டு வாசலை நோக்கி ஓடினாள். மைதானத்தில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

அன்றைய வேலை முடிந்துவிட்டது என்றுதான் ரேடியோ நினைத்தாள். ஆனால் கிளி கருவியை விட்டு நகரவில்லை. கண்ணாடியில் கண்ணை வைத்தபடியே குனிந்திருந்தாள். சரி, விரலால் காட்டுவாள் போலிருக்கிறது என்று ரேடியோ தடியை நேராகப் பிடித்துக்கொண்டு அவள் கைகளையே பார்த்தாள். கைகள் கருவியின் திருகிலேயே இருந்தன. காற்று விழுந்து கிடந்தது. சுவருக்கு வெளியே ஏதோ வண்டி வந்து நின்றது.

கிளி தலையைத் தூக்கினாள்.

"ஒண்ணு புள்ளி நாலு ரெண்டு அஞ்சு."

கொஞ்சம் கரகரத்த, தாழ்ந்த குரல். அவ்வளவு மெலிந்த உடம்புக்குள் இப்படியொரு குரல் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். படிக்கட்டில் அன்று கேட்டது ரேடியோவின் குரல். இவளுடைய குரல் எப்படியிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. பாதி மைதானத்தைத் தாண்டி, எங்கும் தடுக்காமல், அது நேராக வந்து சேர்ந்தது.

ரேடியோவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. தடியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் செய்த காரியங்களிலேயே கடினமானது அப்போது செய்ததுதான்: ஒன்றும் செய்யாமல் இருந்தாள். தடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஏட்டில் எழுதிக்கொண்டு, "ஒண்ணு புள்ளி நாலு ரெண்டு அஞ்சு" என்று சரிபார்ப்பவள் போலத் திருப்பிச் சொன்னாள். எழுதிய எண்கள் கோழி கிண்டியது போலக் கோணல்மாணலாக இருந்தன. அடுத்த இடத்துக்குப் போய்த் தடியை நிறுத்தினாள். அடுத்த எண் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அன்று காலை அந்த வெறும் எண்களை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். உலகத்தில் இதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை என்பதுபோல் இருந்தது.

செய்முறைத் தேர்வன்று மூன்றாம் ஆண்டுக்காரர்களுக்கு மைதானத்தில் இடமில்லை. ரேடியோ மாடி வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே வேறு கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா குடை பிடித்து நின்றார். கிளிக்கு ஜோடியாக அவள் வகுப்புப் பையன் ஒருவன். கிளி கருவியை நிறுத்தினாள், பார்த்தாள், தலையைத் தூக்கினாள். பையன் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

பேனா அசையவில்லை. குடை அசைந்தது. தேர்வாளர் குமிழி சாரைப் பார்த்தார். குமிழி சார் ஒரு வேப்பமரத்தை அப்போதுதான் முதல்முதலாகப் பார்ப்பவர் போல அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ரேடியோவின் உள்ளங்கை கம்பியில் வழுக்கியது. அவள் வாயில் ஆயிரம் சொல் முட்டியது. முட்டட்டும் என்று விட்டுவிட்டாள்.

பையன் குனிந்து எழுதினான்.

அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அந்தக் குனிதலை மட்டும் பார்த்தாள். மறுபடி குனிந்தான், மறுபடி எழுதினான். அந்தப் பேனா ஒவ்வொரு முறை அசையும்போதும் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அப்புறம் நடந்ததைப் பையனே மேலே ஓடிவந்து மூச்சிரைக்கச் சொன்னான். தேர்வாளர் அம்மா கடைசியில் ஒரு கேள்வி கேட்டாராம்: ரெண்டு புள்ளிக்கும் நடுவில் கருவியை ஏன் வைக்கிறோம்? கிளி நின்றுகொண்டே இருந்தாளாம். தெரியவில்லை போலும் என்று அந்த அம்மா பேனாவை எடுக்க, "கொஞ்சம் இருங்க மேடம், வருது" என்றாராம் குமிழி சார்.

"வந்துச்சுக்கா! 'கருவியில கொஞ்சம் பிழை இருக்கும். ரெண்டு பக்கமும் தூரம் சமமா இருந்தா ரெண்டு பக்கமும் அதே பிழைதான் வரும். கழிச்சா போயிடும்'னு சொன்னா. முழுசா சொன்னாக்கா. வருஷம் பூரா பக்கத்துல உக்காந்திருக்கேன், இன்னைக்குத்தான் கேக்குறேன்."

சாயங்காலம் இருவரும் பேருந்து நிறுத்தம் வரை நடந்தார்கள். ரேடியோ தேர்வைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாலையைக் கடக்கும் இடத்தில் கிளி நின்றாள். ரேடியோவின் காலைப் பார்த்தாள்.

"அக்கா, ஷூ லேஸ் அவுந்திருக்கு. விழுந்துடப் போறீங்க."

ரேடியோவிடம் அவள் சொன்ன, எண் இல்லாத முதல் வாக்கியம் அது. ரேடியோ குனிந்து லேசைக் கட்டினாள். கண்ணீர் ஷூவில் விழுந்தது. எழுந்திருக்க வேண்டிய நேரத்துக்கு மேல் கொஞ்ச நேரம் கட்டிக்கொண்டே இருந்தாள்.

இதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். கிளி கேன்டீனில் கடைசிவரை பேசவில்லை. புதிய ஆசிரியர் வந்தால் பழையபடி தோள் ஏறியது. கருத்தரங்க வகுப்பில் ஒருமுறை பாதியில் நின்று அழுதுகொண்டே வெளியேறினாள். அடுத்த வாரம் போய் மீதிப் பாதியைச் சொன்னாள். ரேடியோவும் ஒரேயடியாக மாறிவிடவில்லை. வீட்டில் அதே இரைச்சல்தான், அதில் அவள் பங்கு குறையவில்லை. ஆனால் தன் இறுதித் தேர்வுகளுக்கு வாசலில் வாயை மூடிக்கொண்டு போய் நின்றாள். படபடப்பு வந்தது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று நின்றாள். அது போயிற்று.

படிப்பு முடிந்து ரேடியோ பாலம் கட்டும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தாள். கிளி குறுஞ்செய்தி அனுப்புவாள். போன் செய்ததில்லை. முகம் தெரியாமல் போனில் பேசுவதுதான் இருப்பதிலேயே கடினம் என்று எப்போதோ எழுதியிருந்தாள். மூன்றாம் ஆண்டில் அவளும் தோழமைக் குழுவில் சேர்ந்ததை, தேர்வு என்றாலே வாந்தி எடுக்கும் ஒரு பெண்ணோடு தினமும் மைதானத்தைச் சுற்றி நடப்பதை எல்லாம் எழுத்தில்தான் சொன்னாள்.

ஒருநாள் மதியம் ரேடியோ ஆற்றங்கரையில், தூண் ஒன்றுக்குக் கான்கிரீட் போடும் இடத்தில் நின்றிருந்தாள். கலவை இயந்திரம் காதைப் பிளந்தது. மேஸ்திரி எதற்கோ அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. திரையில் கிளியின் எண். கை தவறிப் பட்டிருக்கும் என்றுதான் நினைத்தாள். எடுத்துக் காதில் வைத்தாள்.

மறுமுனையில் ஒன்றுமில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

அவள் "ஹலோ" என்றுகூடச் சொல்லவில்லை. மேஸ்திரியைப் பார்த்துக் கையைக் காட்டினாள். அவருக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை காட்டினாள். இயந்திரம் நின்றது. வேலையாட்கள் என்ன ஏதென்று திரும்பிப் பார்த்தார்கள். ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது.

"அக்கா" என்றது அந்தத் தாழ்ந்த குரல். "நான்தான். வேலை கெடைச்சிருச்சு. முதல்ல உங்களுக்குச் சொல்லணும்னு."

"ம்" என்றாள் ரேடியோ. அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. கிளி பேசிக்கொண்டே போனாள்.